‘மாநாடு’ வேண்டாம்: மிட்-மேஜர் கான்ஃபரன்ஸின் வலுவுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துச் சொற்பட்டியலில் மூன்று சொற்கள் இன்னும் தொங்கலில் நிற்கின்றன: கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகள் தமக்குள் ஆட்டநிரல் வைத்துக்கொள்ளும் அமைப்பு), மிட்-மேஜர் (வளத்தில் பெரியவற்றுக்கு அடுத்த கான்ஃபரன்ஸ்), ஒரு கான்ஃபரன்ஸின் வலுவைக் காட்டும் எண். முதலாவதற்கு எந்திர மொழிபெயர்ப்பு ‘மாநாடு’ என்கிறது. ‘மிசூரி வேலி மாநாடு’ என்று படித்தால் பந்தலும் கொடியும்தான் கண்ணில் தெரியும்.

என் முன்மொழிவு: கான்ஃபரன்ஸ் = கூட்டணி. மிட்-மேஜர் = இடைநிலைக் கூட்டணி. மூன்றாவது = கூட்டணி வலு.

---

> மிட்-மேஜர் = இடைநிலைக் கூட்டணி

‘இடைநிலை’ பள்ளிக்கூடத்தை நினைவூட்டும். ‘நடுநிலை’ என்றால் பக்கம் சாராதது என்று பொருளாகிவிடும். கிரிக்கெட் வர்ணனையில் ஏற்கெனவே புழங்கும் ‘நடுவரிசை’யை எடுத்துக்கொள்ளலாமே? ஏ.சி.சி., பிக் ஈஸ்ட், பிக் டென், பிக் 12, எஸ்.இ.சி. ஆகிய ஐந்தும் முன்வரிசை. அட்லாண்டிக் 10, மவுண்டன் வெஸ்ட், மிசூரி வேலி போன்றவை நடுவரிசை. அதற்கும் கீழே பின்வரிசை. மூன்றும் ஒரே வேரிலிருந்து வருவதால் பட்டியலில் சேர்ந்தே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: இந்த வரிசை பணத்தையும் வசதியையும் பொறுத்தது, வெற்றியைப் பொறுத்ததல்ல. கான்சாகா கல்லூரி 2017, 2021 இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போனது, இருந்தும் அதன் வெஸ்ட் கோஸ்ட் கூட்டணி நடுவரிசைதான். விளக்கக் குறிப்பில் இதை எழுதாவிட்டால் ‘நடுத்தரமாக ஆடும் அணிகள்’ என்று புரிந்துகொள்வார்கள்.

---

‘கூட்டணி’ அரசியல் வாடை அடிக்கிறது. ‘லீக்’ என்றே விட்டுவிட்டால் என்ன?

---

லீக் ஆகாது ஐயா. நம்மிடம் ‘லீக் ஆட்டம்’ என்றால் எல்லோரும் எல்லோருடனும் மோதும் சுற்று. ஐவி லீக்கே ஒரு கான்ஃபரன்ஸ்தான் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். அரசியல் வாடை இங்கே பொருத்தமாகவே இருக்கிறது. கல்லூரிகள் பணத்துக்காகத் தாவுவதும், 2024இல் பேக்-12 என்ற கூட்டணியில் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே மிஞ்சியதும் வேறு எந்தச் சொல்லில் இவ்வளவு கச்சிதமாக உட்காரும்?

என் சிக்கல் மூன்றாவது சொல்லில்தான். ‘கூட்டணி வலு’ என்றால் எந்த வலு? அணிகளின் சராசரியா, நடு அணியின் வலுவா, உச்சியில் உள்ள இரண்டு மூன்று அணிகளின் வலுவா? ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே பெயரால் சொல்லிவிட்டுப் பிறகு சண்டை போடுகிறார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்துத் தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு சராசரி அணியுடன் ஆடினால் 100 பந்துமுறைக்கு எத்தனை புள்ளி மிஞ்சும் என்பதே அணியின் அளவு. (பந்து ஒரு முறை கைக்கு வந்து போவது ஒரு பந்துமுறை. கூடை முயற்சிகளிலிருந்து, தவறிய பந்தை மீட்டவற்றைக் கழித்து, பந்தைப் பறிகொடுத்தவற்றையும் தனி எறிகளில் 0.475 பங்கையும் கூட்டினால் எண்ணிக்கை கிடைக்கும்.)

கூட்டணி அ: ஓர் அணி +30, ஒன்பது அணிகள் தலா −6. சராசரி −2.4.
கூட்டணி ஆ: பத்தும் −2.4. சராசரி அதேதான்.

‘அ’வில் நுழையும் ஒரு புதிய அணி எல்லோருடனும் பொது அரங்கில் (இருவருக்கும் சொந்தமல்லாத அரங்கில்) ஒருமுறை ஆடிப் பாதி வெற்றி பெற வேண்டுமென்றால் எவ்வளவு வலு தேவை? +30 அணி என்ற யானையிடம் எப்படியும் தோற்கும். மற்ற ஒன்பதில் ஐந்தை வென்றால் போதும். ஓர் ஆட்டத்துக்கு 68 பந்துமுறை, முடிவின் திட்டவிலக்கம் 11 புள்ளி என்று வைத்தால் விடை ஏறக்குறைய −4. ‘ஆ’வில் −2.4 வேண்டும். ஆகவே ‘ஆ’வே கடினமான இடம், சராசரி அதை மறைக்கிறது. அந்த யானையை +20 ஆகக் குறைத்தால் சராசரி −3.4க்கு இறங்கும், ஆனால் −4 கிட்டத்தட்ட அசையாது.

கென்பாம் என்ற கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளிவிவரத் தளம் கூட்டணிக்குத் தரும் எண்ணின் பொருளும் இதுவே: அக்கூட்டணியில் பாதிக்குப் பாதி வெல்லக்கூடிய அணியின் வலு. இதற்கு சமன்வலு என்று வைக்கலாம். வெற்றியும் தோல்வியும் சமன் ஆகும் வலு; வரையறை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

---

சமன்வலுவுக்கு என் ஆதரவு. ஆனால் யானையைப் பட்டியலிலிருந்து துரத்திவிட முடியாது. 2025 தேசியப் போட்டியில் 68 இடம். அதில் 31 கூட்டணி வாகையருக்கு உரிமை இடம், மீதி 37 தேர்வுக்குழு கொடுப்பது. நடுவரிசைக் கூட்டணிக்கு உரிமை இடம் போக இன்னோர் இடம் கிடைப்பது உச்சி அணிகளால்தான், அடியில் கிடக்கும் அணிகளால் அல்ல. அதற்கு ‘முகட்டுவலு’ என்று தனிச்சொல் வேண்டும்: முதல் மூன்று அணிகளின் சராசரி.

எண்ணை எப்படி எடுப்பது என்பதையும் குறிப்பில் சேருங்கள். எல்லாத் தவறும் அங்கேதான் நடக்கிறது. கூட்டணிக்குள் ஆடும் 18 அல்லது 20 ஆட்டங்கள் கூட்டணியின் வலுவைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்கிறார், இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும் காசு. கூட்டணியின் தரம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வெளியாருடன் ஆடும் ஆட்டங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. அவற்றிலும் முதல் பிரிவில் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்தில்) இல்லாத கல்லூரிகளுடன் ஆடியதைக் கழிக்க வேண்டும். நடுவரிசை அணிகள் பணம் வாங்கிக்கொண்டு பெரிய கல்லூரியின் அரங்குக்குப் போய் ஆடுபவை. சொந்த அரங்குச் சாதகம் ஏறக்குறைய 3 புள்ளி. அதைத் திருத்தாமல் வெறும் வெற்றி தோல்வியை எண்ணினால் முன்வரிசைக்கு இலவசப் பரிசு.

தேர்வுக்குழு முன்பு பார்த்த தரவரிசை எண்ணான ஆர்.பி.ஐ. வேறு விதத்தில் சறுக்கியது. 25 விழுக்காடு சொந்த வெற்றி, 50 எதிரணிகளின் வெற்றி, 25 எதிரணிகளின் எதிரணிகளுடைய வெற்றி. புள்ளி வித்தியாசம் கணக்கிலேயே இல்லை. கடைமட்ட அணிகளைத் தவிர்த்து, கொஞ்சம் வெல்லக்கூடிய எளிய அணிகளாகப் பார்த்து ஆடினால் எண் ஏறும், கூட்டணிக்குள் அது ஒருவருக்கொருவர் பரவும். 2006இல் மிசூரி வேலிக்கு நான்கு இடம் கிடைத்தும், ஆர்.பி.ஐ.யில் 21ஆவதாக இருந்த மிசூரி ஸ்டேட் வெளியே நின்றது. தேர்வுக்குழுவே அந்த எண்ணை முழுதாக நம்பவில்லை. 2018இல் அதற்குப் பதிலாக ‘நெட்’ என்ற தரவரிசை வந்தது. ஆனாலும் 2024இல் நெட்டில் முதல் 30க்குள் இருந்த இண்டியானா ஸ்டேட்டும் விடுபட்டது.

---

தேசியப் போட்டி முடிவை வைத்து வலுவைத் தீர்மானிக்கலாமா?

---

கூடாது. 2024இல் மவுண்டன் வெஸ்ட்டுக்கு ஆறு இடம். இரண்டாம் சுற்றைத் தாண்டியது சான் டியேகோ ஸ்டேட் மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டு அதே கல்லூரி இறுதி ஆட்டத்தில். ஒரு தோல்வியில் வீடு திரும்பும் போட்டி, அதில் சில ஆட்டங்களை வைத்து என்ன அளக்க முடியும்?

முகட்டுவலுவில் ‘முதல் மூன்று’ என்பதை மட்டும் மாற்றுங்கள். எட்டு அணிகள் உள்ள கூட்டணிக்கும் பதினான்கு அணிகள் உள்ளதற்கும் மூன்று ஒன்றல்ல. ‘மேல் கால் பங்கு’ என்று எழுதலாம்.

---

ஏற்கிறேன். பட்டியலில் சேர்க்கும் வடிவம்:

கூட்டணி – கல்லூரி அணிகள் தமக்குள் ஆட்டநிரலும் வாகையும் வைத்துக்கொள்ளும் அமைப்பு. ‘மாநாடு’ தவிர்க்க.
நடுவரிசைக் கூட்டணி – வளத்தால் முன்வரிசைக்கு அடுத்தது. ஆட்டத் தரத்தைக் குறிக்காது.
சமன்வலு – கூட்டணி அணிகள் அனைத்துடனும் பொது அரங்கில் ஆடிப் பாதி வெல்லும் அணியின் வலு, 100 பந்துமுறைக்கு. எந்த ஆண்டின் உறுப்பினர் பட்டியல் என்பதை எண்ணுடன் எழுதவும்; கான்சாகா 2026இல் பேக்-12க்குத் தாவுவதால் வெஸ்ட் கோஸ்ட்டுக்கு இது கட்டாயம்.
முகட்டுவலு – மேல் கால் பங்கு அணிகளின் சராசரி.

‘பந்துமுறை’க்கு யாருக்கும் மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், இதில் கலக்க வேண்டாம்.