சீனாவின் யுன்னானில் மலிவான குடும்ப விடுதி: மாண்டரின் தெரியாமல் எப்படிப் பிடிப்பது?

தோபாயோவாசி:
டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மா, பிள்ளைகளோடு யுன்னானின் தாலி, லிஜியாங் நகரங்களுக்குப் போகிறோம். வீட்டுக்காரர்களே நடத்தும் சின்ன விடுதி போதும். எங்களில் யாருக்கும் மாண்டரின் வராது. எப்படித் தேடுவது?

ஈசூன் அக்கா:
டிரிப்.காம் என்ற விடுதி பதிவுச் செயலியில் முதல் இரவை மட்டும் பதிவு செய்யுங்கள் தம்பி. அதற்கு முன், சிங்கப்பூர் பாஸ்போர்ட்டை ஏற்பார்களா என்று செயலியிலேயே எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும். அது செய்யத் தெரியாத விடுதிகள்தான் வாசலிலேயே கையை விரிக்கும்.

விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆங்கிலப் பெயரைக் காட்டினால் டாக்சிக்காரருக்குப் புரியாது. லிஜியாங் பழைய நகருக்குள் கார் போகாது. ஓட்டுநரையே விடுதிக்குப் போன் போடச் சொல்லுங்கள், அழைத்துப்போக ஆள் வருவார்கள்.

ஜூரோங் ராஜா:
அலிபே என்ற சீனக் கட்டணச் செயலியில் உங்கள் விசா கார்டை இங்கேயே இணைத்துவிடுங்கள். ஒரே தடவையில் 200 யுவானைத் தாண்டினால் 3% கட்டணம். அதனால் ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள்.

மீதி இரவுகளுக்கு அறையைப் பார்க்காமல் பணம் தராதீர்கள். வெந்நீரைத் திறந்து விட்டுப் பாருங்கள். லிஜியாங் 2,400 மீட்டர் உயரம், டிசம்பர் இரவில் நடுங்கும். மெத்தைமேல் மின்போர்வை இருக்கிறதா, சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு இது ரொம்ப முக்கியம்.

விடுதி வைஃபையில் கூகுள் திறக்காது, சிங்கப்பூர் சிம்மின் ரோமிங்கில் திறக்கும். மொழிபெயர்ப்புக்கு ஆங்கிலத்தில் குட்டி வாக்கியங்களாக எழுதுங்கள்.