கேட்காமலே வரும் பில்லும் கேட்டால்தான் வரும் பில்லும்

டாலஸ் நகரில் 12 ஆண்டுகளாக வசித்துவரும் எனக்கு, அமெரிக்க உணவகங்களின் பழக்கங்களே உலக வழக்கம் என்று மனத்தில் பதிந்துவிட்டிருந்தன. உட்கார்ந்ததும் விளிம்புவரை ஐஸ் நிரப்பிய தண்ணீர், பாதி குறைவதற்குள் மீண்டும் நிரப்பப்படும் குளிர்பானம், மிஞ்சியதை எடுத்துச்செல்ல ஒரு பெட்டி, கடைசி வாய் உள்ளே போகும்போதே "அவசரமில்லை" என்ற சொல்லோடு வந்துவிடும் பில் என்று எதையும் நாம் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே நிரப்பும் அந்தக் கை எனக்குப் பிடிக்கும். நம் வீட்டு உபசரிப்பின் சாயல் அதில் உண்டு.

சென்ற ஆண்டு பிரான்சின் லியோன் நகரில், புஷோன் என்று அவ்வூரார் அழைக்கும் சிறிய உணவகம் ஒன்றில் நானும் என் கணவரும் மதிய உணவுக்கு அமர்ந்தோம். பைக் என்னும் ஆற்று மீனை மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, நீள உருண்டையாகப் பிடித்து, பாலேடு கலந்த குழம்பில் வேகவைத்த கெனெல் வந்தது. பொங்கி உப்பியிருந்த அது, கரண்டி பட்டதுமே பிட்டுக்கொண்டு வந்தது. காப்பியும் குடித்து நாற்பது நிமிடங்கள் ஆகியும் பில் வரவில்லை. பரிமாறியவர் பலமுறை எங்களைக் கடந்து சென்றும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிநாட்டவர் என்பதால் அலட்சியம் செய்கிறார் என்று எண்ணி என் மனம் கசந்துபோனது. கணவர் எழுந்துபோய்க் கேட்டபோது பரிமாறியவர் பதறிவிட்டார். விருந்தினர் கேட்கும் முன் பில்லை வைப்பது அவர்களை எழுந்து போகச் சொல்வதற்குச் சமம் என்று, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். அவர் காட்டிய மரியாதையை அதுவரை நான் அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஊதிய முறையும் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. பிரான்சில் உணவின் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கிவிடும். டாலஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்திலோ, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு உரிமையாளர் நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், டிப்ஸோடு சேர்த்தும் 7.25 டாலரை எட்டாவிட்டால் மட்டுமே குறைவதை அவர் ஈடுகட்ட வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த 2.13 என்ற தொகை 1991 முதல் மாறவே இல்லை. ஆகவே ஒரு மேசைக்கு எத்தனை முறை புது ஆட்கள் வருகிறார்களோ, அதைப் பொறுத்தே பரிமாறுபவரின் வருமானம். எங்கள் வீட்டருகே உள்ள உணவகத்தில் வேலை செய்யும் பெண், ஒரு செருப்பைக் கழற்றிக் குதிகாலை அழுத்திவிட்டுக்கொண்டே எங்கள் பில்லை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சியதைக் கட்டித் தருவதில் அமெரிக்காவே முந்திக்கொண்டது. வாடிக்கையாளர் கேட்டால் பெட்டி தர வேண்டும் என்பது பிரான்சில் 2021 ஜூலை 1 முதல்தான் கட்டாயமானது. அது தெரியாமல், கேட்கக் கூச்சப்பட்டு, பாதிக் கெனெலைத் தட்டிலேயே விட்டுவந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.