புதுப்பிப்பு: எங்கள் ஆலயம் திறந்தபோது (2020 ஜூன்)

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியதிலிருந்து கைத்தொலைபேசித் திரையில் மட்டுமே திருப்பலி கண்டுவந்த எங்கள் திருகோணமலைக் கத்தோலிக்கப் பங்குச் சமூகம் மீண்டும் எப்போது கூடும் என்று முன்னர் கேட்டிருந்தேன். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஒரு வேளைக்கு 50 பேருக்கு மேற்படக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு ஆலயம் திறந்தது. வாசலில் பெயர் பதிந்து, கை கழுவி உள்ளே போனால், புனித நீர் வைக்கும் தீர்த்தத் தொட்டி வறண்டு கிடந்தது. அடியில் உப்புப் படிந்த வெள்ளை வளையம் மட்டுமே. பழக்கதோஷத்தில் அதற்குள் விரலை விட்டவள் நான் மட்டுமல்ல. சமாதானத்தைக் கைகூப்பிப் பகிர்ந்தோம். நற்கருணையை (திருப்பலியில் வழங்கும் அப்பத்தை) கையில்தான் தந்தார்கள். சிறுவயது முதல் நாவிலேயே வாங்கிப் பழகிய அம்மாவுக்கு அது உறுத்தியது என்றாலும், வலது கையின் மேல் இடது கையை வைத்து ஏந்தும் முறையை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன். முகக்கவசத்தோடு பாடுவதுதான் (என் அபிப்பிராயம் மட்டுமே) சரிவரவில்லை. ஞாயிறு இரண்டாம் பூசைக்கு அப்போது இடமிருந்தது. வர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் சங்கிலித்தாமிடம் (ஆலயப் பணிகளைக் கவனிப்பவரிடம்) பெயர் கொடுக்க வேண்டியிருந்தது.