கொள்ளுத்தாத்தாவின் பட்டாளப் பதக்கம்: விளிம்பில் உள்ள எழுத்து புரியவில்லை, உதவுங்கள்

பாலக்கோட்டான்:

வணக்கம். அப்பாவின் தாத்தா முதல் உலகப் போருக்குப் போய் உயிரோடு திரும்பியவர். "குதிரைப் பட்டாளத்தில் சுபேதார் மேஜர், பஸ்ராவில் சண்டை போட்டவர்" என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காகிதம் எதுவும் மிஞ்சவில்லை. பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கம் மட்டும் இருக்கிறது.

வெள்ளிப் பதக்கம். பழைய ஒரு ரூபாய் வெள்ளிக் காசைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் உடம்பில் துணியில்லாத ஒரு ஆள் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். 1914, 1918 என்று ஆண்டுகள் இருக்கின்றன. ரிப்பன் எப்போதோ போய்விட்டது. விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஆங்கில எழுத்து. ஒவ்வொரு போகிக்கும் பெரியம்மா விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைப்பார். அதனால் பாதி எழுத்து மழுங்கிவிட்டது. எனக்குத் தெரிவது: முதலில் ஏதோ எண் (கடைசி இரண்டு இலக்கம் 47), பிறகு பெயர், கடைசியில் "20 வி ஓ எஸ் & எம்" மாதிரி ஒன்று. எஸ், எம் என்றால் சுபேதார் மேஜர்தானே?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினேன், அவர் பெயர் இல்லை. "தருமபுரி மாவட்டம்" என்று போட்டுத் தேடினாலும் அந்தக் காலத்து ஆவணம் எதிலும் ஒன்றும் வரவில்லை. ஒருவர் 8,000 ரூபாய் கொடுத்தால் லண்டனிலிருந்து முழு சர்வீஸ் ரெக்கார்டும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

ஊத்தங்கரை வாத்தியார்:

8,000-ஐக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் (அங்கிருந்து இந்தியாவை நிர்வாகம் செய்த அலுவலகம்) ஆவணங்களில் ஆளைப் பற்றிய காகிதம் என்றால் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளுடையதுதான். நம் சிப்பாய்களின் ஏடுகள் அந்தந்த ரெஜிமென்டிலேயே, இந்தியாவிலேயே இருந்தன.

நீங்கள் "தருமபுரி மாவட்டம்" என்று தேடுவதே தப்பு. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. 1965-க்கு முன் ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, தருமபுரி எல்லாமே சேலம் ஜில்லா. 1914-ல் பட்டாளத்தில் சேர்ந்தவருக்கு "மெட்ராஸ், சேலம்" என்று எழுதி, பக்கத்தில் தாலுகா, கிராமம் போட்டிருப்பார்கள். கிராமப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதுவார்கள். ஆள் பெயரும் அப்படித்தான். முனுசாமி என்ற ஒரு பெயருக்கே எம்-முக்குப் பிறகு ஒரு யூ போட்டவன் உண்டு, இரண்டு ஓ போட்டவன் உண்டு, கடைசியில் ஐ போட்டவன், ஒய் போட்டவன் என்று நாலைந்து விதம் பார்த்திருக்கிறேன்.

கல்லறை ஆணையத்தில் பெயர் இல்லாததற்கு வருத்தப்படாதீர்கள். அது இறந்தவர்களின் பட்டியல். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் மட்டும்தான் அதில் வருவார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா வீடு திரும்பியவராயிற்றே!

ஊர்சுற்றி:

லாகூர் அருங்காட்சியகத்தில் முதல் போர்ச் சிப்பாய்களின் கிராமவாரிப் பதிவேடு கிடைத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களே, அதில் பாருங்கள். 3 லட்சத்துக்கு மேல் பெயர் இருக்கிறது.

ஊத்தங்கரை வாத்தியார்:

அது பஞ்சாப் மாகாணத்துக்கு மட்டும் எழுதப்பட்டது ஊர்சுற்றி. சேலம் ஜில்லா ஆள் அதில் வரமாட்டார்.

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு):

தம்பி, முதலில் பெரியம்மாவிடம் சொல்லி விபூதியை நிறுத்துங்கள். அந்த விளிம்புதான் உங்களுக்குக் கிடைத்த ஒரே ஆவணம்.

பதக்கம் எதுவென்று நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே தெரிகிறது. பிரிட்டிஷ் வார் மெடல். குதிரைமேல் இருப்பது செயின்ட் ஜார்ஜ். குதிரையின் காலடியில் கழுகு பொறித்த கேடயம் இருக்கும், எதிரி நாடுகளுக்கு அது அடையாளம். மண்டையோடும் எலும்பும் கூட இருக்கும், பாருங்கள். இந்தப் படம் சமையல்காரர் முதல் ஜெனரல் வரை அந்த மெடல் வாங்கிய எல்லோருக்கும் ஒன்றேதான். குதிரை இருப்பதால் குதிரைப் பட்டாளம் என்று வீட்டில் யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விளிம்பை இப்படிப் படியுங்கள். இருட்டறையில் பதக்கத்தை ஒரு துணிமேல் வைத்து, செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் விளிம்புக்குச் சமமாகப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். பொறித்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். இன்னொரு செல்போனில் கிட்டத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுங்கள். அதிலும் தெரியாவிட்டால் பட்டர் பேப்பரை விளிம்பில் சுற்றி, மெழுகுப் பென்சிலை லேசாகத் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறிவரும். ஊசி, கத்தி எதுவும் போடாதீர்கள். "20 வி ஓ" என்று நீங்கள் படித்ததில் சைபர்தானா, இல்லை வால் தேய்ந்துபோன ஒரு "க்யூ"வா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்:

அண்ணே, ராத்திரி கரண்ட் போன நேரத்தில் பெரியப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். சைபர் இல்லை, க்யூதான். அடியில் சின்னதாக வால் தெரிகிறது. 2, பிறகு புள்ளி வைத்துப் புள்ளி வைத்து க்யூ, வி, ஓ, அப்புறம் எஸ் & எம். எண் நாலு இலக்கம், முதல் இலக்கம் 3 அல்லது 8. பெயருக்கு முன்னால் எஸ், ஏ, பி வரை தெளிவு, அதன் பிறகு மழுப்பல். இது என்ன பதவி?

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு):

சாப்பர்! நான் 17 வருஷம் சுமந்த பெயர் தம்பி அது. சரி, நிதானமாகச் சொல்கிறேன்.

"2 க்யூ.வி.ஓ. எஸ் & எம்" என்றால் இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். நம் மெட்ராஸ் சாப்பர்ஸின் அந்தக் காலத்துப் பெயர். 1780-ல் ஆரம்பித்த படை. இன்றைக்கு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், சென்டர் பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். சாப்பர் என்றால் அந்தப் படையின் சாதாரணச் சிப்பாய். பாலம் போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, கிணறு தோண்டுவது, ரோடு போடுவது, வெடி வைப்பது எல்லாம் அவன் வேலை. எல்லாம் நடந்துதான், குதிரையில் இல்லை.

சுபேதார் மேஜர் கதை எப்படி வந்தது என்றும் புரிகிறது. ஆங்கிலம் படித்த உறவுக்காரர் யாரோ எஸ் & எம்-மைப் பார்த்துப் பதவி என்று நினைத்துவிட்டார். பதவி பெயருக்கு முன்னால் வரும், படையின் பெயர் பின்னால் வரும். அதோடு ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். சுபேதார் மேஜர் என்பது அன்றைக்கு ஒரு இந்தியன் எட்டக்கூடிய உச்சி. இருபது இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்டு நரைத்த பிறகு கிடைப்பது. அவர் எந்த வருஷம் பிறந்தார்?

பாலக்கோட்டான்:

சமாதிக் கல்லில் 1961-ல் இறந்ததாக இருக்கிறது, வயது 65.

ஊத்தங்கரை வாத்தியார்:

அப்படியானால் 1896 வாக்கில் பிறந்தவர், போர் முடியும்போது 22 வயது. சுபேதார் மேஜர் ஆக வாய்ப்பே இல்லை. சந்தேகமிருந்தால் அந்த ஆண்டுகளின் இந்தியன் ஆர்மி லிஸ்ட் அச்சுப் புத்தகங்களைப் பாருங்கள், சில இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. ஒவ்வொரு படைக்கும் கீழே ஜமேதார், சுபேதார் வரை இந்திய அதிகாரிகளின் பெயரைப் போட்டிருப்பார்கள். சாப்பரின் பெயர் அதில் வராது.

பஸ்ரா விஷயம் உண்மையாக இருக்கலாம். மெட்ராஸ் சாப்பர்கள் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போனார்கள், படைகள் கப்பலிலிருந்து இறங்கியது பெரும்பாலும் பஸ்ராவில்தான். ஆனால் எந்த நாட்டில் இருந்தார் என்பதைப் பதக்கம் சொல்லாது. அவர் எந்தக் கம்பெனி என்று தெரிந்தால் வழி இருக்கிறது. மெசபடோமியாவில் இருந்த படைகளின் போர் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. இன்ன தேதியில் இன்ன இடத்தில் பாலம் போட்டோம் என்று நாள்வாரியாகக் கிடைக்கும். சிப்பாய் பெயரை எதிர்பார்க்காதீர்கள். அவர் நின்ற இடம் தெரியும், அவ்வளவுதான்.

மத்தூர் அக்கா:

தம்பி, நான் என் தாத்தாவுக்காக (இரண்டாம் போர், வேறு படை) தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டேன். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் சொல்லவேண்டும். பதிலும் வந்தது: பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 ஆண்டுக்குப் பிறகு விதிப்படி அழித்துவிட்டார்களாம். அன்றைக்கு நாள் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் ஒரு பெரியவர் சொன்னார், "சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும் என்று கேட்காதே, லாங் ரோலில் பதிவு இருக்கிறதா என்று கேள்" என்று. லாங் ரோல் என்பது ஆள் சேரும்போது வரிசையாக எழுதும் பெரிய பேரேடு. எண், பெயர், அப்பா பெயர், ஊர், சேர்ந்த தேதி, விலகிய தேதி. இரண்டாவது முறை அப்படிக் கேட்டேன். நாலு வரி பதில் வந்தது. அந்த நாலு வரியை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் எண் ஒவ்வொரு படைக்கும் தனி. அதே நாலு இலக்க எண் இன்னொரு ரெஜிமென்டில் வேறு ஆளுக்கு இருக்கும். எண், பெயர், படை மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கு முதல் இலக்கம் சந்தேகம் என்றால் இரண்டு எண்ணையும் எழுதி, பதக்கத்தின் படத்தையும் வையுங்கள். நீங்கள் வாரிசு என்பதற்கு ஏதாவது சான்றும் சேருங்கள்.

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு):

அக்கா சொன்னது சரி. பெங்களூரில் இருக்கும் நம் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கே எழுதுங்கள். சென்டரில் அருங்காட்சியகமும் ஆவணங்களும் உண்டு. ஆனால் அது ராணுவ வளாகம், பஸ் ஏறி நேரே போய் நின்றால் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான். முன்கூட்டி எழுதி அனுமதி வாங்குங்கள். தருமபுரியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் கடிதம் எப்படி எழுதுவது என்று சொல்வார்கள். முதல் போர் ஆள் என்பதால் அவர்களிடம் பதிவு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வீட்டில் இன்னொரு மெடல் இருந்ததா என்றும் கேளுங்கள். வார் மெடல் வாங்கிய பலருக்கு இறக்கை வைத்த பெண் உருவம் பொறித்த விக்டரி மெடலும் சேர்ந்து வந்திருக்கும், பித்தளை நிறத்தில். அதன் விளிம்பிலும் இதே எண்ணைப் பொறித்திருப்பார்கள். அதற்கு யாரும் விபூதி போட்டிருக்கமாட்டார்கள்.

பாலக்கோட்டான்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

விக்டரி மெடல் இருந்திருக்கிறது. அத்தை சின்ன வயதில் அதை வைத்துப் பாண்டி விளையாடியதாகச் சொல்கிறார். எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. பெங்களூருக்குக் கடிதம் பதிவுத் தபாலில் போய்விட்டது. லாங் ரோல் என்ற வார்த்தையை மறக்காமல் எழுதினேன் அக்கா. "சேலம் ஜில்லா" என்றும் எழுதினேன் சார்.

பெரியப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சுபேதார் மேஜர் இல்லை, சாப்பர் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அந்தக் குதிரை?" என்றார். அது எல்லோருக்கும் போட்ட படம் என்றேன். "சாப்பர்னா என்ன பண்ணுவான்?" என்றார். ஹவில்தார் அண்ணன் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். பாலம், கிணறு என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

ஊரில் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்த காலத்தில் வடம் அறுந்தாலோ முடிச்சு நழுவினாலோ எங்கள் கொள்ளுத்தாத்தாவைத்தான் கூப்பிடுவார்களாம். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வருமாம். அவர் போட்ட முடிச்சு தண்ணீரில் ஊறினாலும் நழுவாது, இரண்டு மாடு இழுத்தாலும் இறுகிப் பூட்டிக்கொள்ளாது, அவிழ்க்கும்போது ஒரு தட்டில் விட்டுவிடும். ஓடையில் இன்றும் இருக்கிற கல் பாலத்துக்குக் கல் தூக்கி வைத்ததும் அவர் யோசனையாம். இதையெல்லாம் இதுவரை யாரும் பட்டாளத்தோடு சேர்த்துப் பேசியதே இல்லை. குதிரைதான் பெரிதாக இருந்தது.

பெரியப்பாவுக்கு அந்த முடிச்சு தெரியும். எழுபத்தெட்டு வயதில், மாட்டுக் கயிற்றை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டுக் காட்டினார். வீடியோ இணைத்திருக்கிறேன். ஹவில்தார் அண்ணே, இது பட்டாளத்து முடிச்சுதானா?

காரிமங்கலம் ஹவில்தார் (ஓய்வு):

பெரியப்பா கை ரொம்ப வேகம். ஐந்து தடவை பார்த்துவிட்டேன், இரண்டாவது சுற்று எந்தப் பக்கமாகப் போகிறதென்று பிடிபடவில்லை. முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே வைத்து, மேலேயிருந்து ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி.