மறு: 'டிரெய்லர் அசிஸ்ட்' – 'இழுவை உதவி' பொருந்துமா?

> இழுவை உதவி என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

அண்ணே, காரின் 'டிரெய்லர் அசிஸ்ட்' வசதிக்குத் தமிழ்ப் பெயராக 'இழுவை உதவி' என்கிறீர்கள். சுருக்கம் சரி. ஆனால் காரைக்குடியில் இழுவை உதவி என்றால் நின்றுபோன காரைக் கட்டி இழுத்துப் போகும் ரெக்கவரி வண்டிதான் நினைவுக்கு வரும். அப்புறம், இந்த வசதி பயன்படுவது ரிவர்ஸ் எடுக்கும்போது. அப்போது கார், பின்னால் மாட்டிய பெட்டியை, அதாவது டிரெய்லரை, இழுப்பதில்லை, தள்ளுகிறது. தொல்லையே அதில்தான். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் பெட்டி இடப்பக்கம் போகும். விட்டுப் பிடிக்கத் தெரியாவிட்டால் கொக்கியில் மடங்கி, காரின் பின்மூலையிலேயே வந்து இடிக்கும்.

புதுவயல் ரைஸ்மில் வாசலில் நெல் டிராக்டரை ரிவர்ஸ் எடுப்பவர்களைப் பாருங்கள். முதலில் எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு; பெட்டி திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மாற்றி ஒடித்து அதன் போக்கிலேயே போவார்கள். குட்டைப் பெட்டி சட்டென்று மடங்கும், நீளமானது நிதானமாகத் திரும்பும். கையில் பழகிய இந்தக் கணக்கைத்தான் இப்போது கார் போடுகிறது. ஃபோர்டு, 2016 மாடல் எஃப்-150 பிக்கப்பில் இதற்கென ஒரு குமிழ் வைத்தது. பெட்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் குமிழைத் திருகினால் ஸ்டியரிங் தானே சுழலும். பெட்டியில் ஒட்டிய கறுப்பு வெள்ளைக் கட்ட ஸ்டிக்கரைப் பின்கேமரா பார்த்து, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று அறியும். ஃபோக்ஸ்வாகனில் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்யும் பொத்தானே குமிழாகிவிடுகிறது. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஓட்டுபவர் காலில்தான் இருக்கின்றன, ஆகவே 'தானியங்கி' என்ற சொல் பக்கத்திலேயே வர வேண்டாம்.

டிரெய்லர் வகையான 'கேரவன்' என்ற சொல்லை அப்படியே விடுவதிலும் சங்கடம் உண்டு. கானாடுகாத்தானில் ஷூட்டிங் பார்த்தவர்களுக்கு அது நடிகர்கள் உட்காரும் ஏசி வண்டி. வெளிநாட்டார் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போகும் கேரவனுக்கோ எஞ்சினே கிடையாது. டிராக்டர்காரர்கள் சொல்லும் 'பெட்டி' டிரெய்லருக்கும் இந்தக் கேரவனுக்கும் பொதுவாக நிற்கும். டிரெய்லருக்குத் 'தொடுப்புவண்டி' என்று எழுதிய நண்பரே, இலக்கணம் பிழையில்லை, ஆனால் அதை தேவகோட்டை டீக்கடையில் சொல்லிவிடாதீர்கள்!

என் பரிந்துரை: பெட்டித் திருப்புதுணை. திருப்புதுணை வினைத்தொகை, நடுவில் ஒற்று போட்டுவிட வேண்டாம்.

– காரைக்குடியிலிருந்து

---

> பெட்டித் திருப்புதுணை

தம்பி, இழுவையைக் கைவிடுகிறேன். பெட்டியும் சரி. ஆனால் முன்னால் போகும்போதும் திருப்புமோ என்று கேட்பார்களே? 'பின்' எங்காவது வர வேண்டும். பெட்டிப் பின்திருப்பி என்றால் குமிழுக்கும் அதுவே பெயராகும். திரையில் இடமும் மிச்சம்.

அதைவிட அவசரம், பெட்டி அளவுக்கு மீறி மடங்கும்போது வரும் எச்சரிக்கை. அதற்குப் பெயர்ச்சொல் தேடி உட்கார வேண்டாம். 'பெட்டி மடங்குகிறது, நிறுத்தவும்' என்று போட்டால் போதும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.