புதுப்பிப்பு: பாடத்துக்கு வெளியே செய்தவற்றில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தேனே

விவாதக் குழு, நூலகத் தன்னார்வப் பணி, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது என்று பட்டியல் நீள்கிறது, வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை விடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி, விண்ணப்பங்கள் போய்விட்டன.

காமன் ஆப்பில் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம்) 10 செயல்பாடுகளுக்குத்தான் இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், அதனால் "பல அனுபவங்களைப் பெற்றேன்" மாதிரி வரிகளை எல்லாம் வெட்டிவிட்டு, நான் என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது என்பதை மட்டும் வைத்தேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்று தனியாகவே கேட்கிறார்கள், அதை விவரத்தில் திரும்ப எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். தம்பி விஷயத்தைத் தூக்கிவிடச் சொன்னார்கள் சிலர். நான் விடவில்லை. குடும்பப் பொறுப்புகளுக்கென்றே அங்கே ஒரு வகை இருக்கிறது, மேலேயே போட்டேன். ஒரே நாள் கலந்துகொண்ட முகாம்களைத்தான் தூக்கினேன், சான்றிதழ் அழகாக இருந்தும்!

அப்புறம் யூகாஸ், அதாவது பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் தளம். 2026 சேர்க்கையிலிருந்து அங்கே ஒரே கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள், மொத்தம் 4000 எழுத்துகள். கல்விக்கு வெளியே செய்தது மூன்றாவதில் வரும், ஆனால் அது படிக்கப்போகும் பாடத்துக்கு எப்படி உதவும் என்றும் சொல்ல வேண்டும், அதனால் விவாதக் குழு மட்டும் நின்றது.

முடிவுகள் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.