பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது

வேலைக்குப் போகும் தாயைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது, "குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்றுதான். எனக்கு அதற்குப் பதில் இருந்தது. அத்தை பார்த்துக்கொண்டார். யாருமே கேட்காத இன்னொரு கேள்விதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது: அலுவலகத்தில் பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது?

வீடு ஊரப்பாக்கத்தில், வேலை கிண்டியில், கணக்குப் பிரிவில். சட்டப்படி கிடைக்கும் 26 வார விடுப்பில் பிரசவத்துக்கு முன்பே சில வாரங்கள் போய்விட்டன. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். அதனால் மகளுக்கு ஐந்து மாதம் நிறைவதற்குள் மறுபடியும் ரயிலேற வேண்டியதாயிற்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாய் எங்கே இருந்து கொடுப்பாள் என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

காலையில் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் பதினொரு மணிக்கெல்லாம் மார்பு கல்லாகிவிடும். ரவிக்கை நனையும். முதல் சில நாட்கள் கழிவறையில் நின்றபடி பீய்ச்சிக் கொட்டினேன். என் குழந்தையின் உணவைக் கழிவறையில் ஊற்றிவிட்டு வந்து வரவு செலவைச் சரிபார்த்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. மேலாளரிடம் ஓர் இடம் கேட்டேன். "இது வீட்டு விஷயம் அல்லவா அம்மா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவரிடம் இதுவரை யாரும் இதைப் பேசியதில்லை, அவ்வளவுதான்.

வழி சொன்னவர் கடற்கரை செல்லும் ரயிலில் மகளிர் பெட்டியில் தினமும் என் எதிரில் அமரும் ஓர் அம்மா. அரசு ஊழியர், ஓய்வு பெறும் வயது. தமிழக அரசில் பணிபுரியும் பெண்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் மூன்று மாதம்தான் கிடைத்ததாம். "வாயால் கேட்டால் சலுகை என்பார்கள். எழுதிக் கேள், சட்டத்தையும் சேர்த்து எழுது" என்றார். அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டுவதற்கென்று தினமும் இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்று இருந்தது. பெண்களை வேலையில் சேர்க்கும்போதே இந்த உரிமைகளையெல்லாம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. எனக்குத் தந்த பணி நியமனக் கடிதத்தில் காலை பத்து நிமிடம் தாமதமாக வந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதே திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் நெரிசல் நேரத்தில் தாம்பரம் தாண்டிய பிறகு அந்தப் பெட்டியில் கைக்குழந்தையோடு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கிண்டியில் காப்பகம் இருந்தாலும் என்னைப் போன்றவளால் குழந்தையை அங்கே கொண்டுசேர்க்க முடியாது. எனக்குத் தேவைப்பட்டது இரண்டு இடைவேளையும், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறையும், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டும். அந்த மூன்றை மட்டும் கடிதத்தில் கேட்டேன். பழைய கோப்புகள் கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த தடை வீட்டில். "பீய்ச்சி வைத்த பால் பிள்ளைக்கு ஆகுமா?" என்று அத்தை தயங்கினார். நான் சொன்னதைவிட ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் சொன்னதுதான் அவரிடம் எடுபட்டது: குளிர்சாதனப் பெட்டிக்குள் நான்கு நாள் வரை வைக்கலாம், வெளியே என்றால் அதிகபட்சம் நான்கு மணி நேரம், நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும், அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது, பால் இருக்கும் பாத்திரத்தை வெந்நீரில் வைத்தால் போதும். அதன்பின் அத்தையை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு சிமிழிலும் தேதி, நேரம் ஒட்டி, பழையதை முதலில் எடுத்துப் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில், புகட்டுவார். புட்டியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

எங்கள் பெட்டியிலேயே மாம்பலத்தில் இறங்கும் ஒரு பெண் இருந்தாள். துணிக்கடையில் விற்பனைப் பிரிவு, நாள் முழுக்க நிற்கும் வேலை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்த பிறகு அவள் கடையில் முக்காலிகள் போட்டார்கள். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பாராம். பால் கட்டி, காய்ச்சல் வந்து, மூன்றாம் மாதமே பால்மாவு டின்னுக்கு மாறிவிட்டாள். நான் அவளுக்கும் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். "அக்கா, கடிதம் கொடுத்த மறுநாள் வேறு ஆள் நிற்பாள்" என்றாள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கடைகளுக்கும் அந்த மகப்பேறு நலச் சட்டம் பொருந்தும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவளை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. அவளைப் போன்றவர்களுக்காகக் கேட்கும் வேலை தொழிலாளர் துறை ஆய்வாளருடையது, அதை அவள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

விடுப்பு முடியப்போகும் தோழிகளிடம் நான் சொல்வது இதுதான். திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் பாலாடைப் பழக்கத்தையும் அப்போதே தொடங்குங்கள். முதல் நாள் நீங்கள் ரயிலில் இருக்கும்போது குழந்தை அதைப் புதிதாகப் பார்க்கக் கூடாது.